பதினாறில் மூன்றேகால்

வால்மியெராவுக்கு வடக்கே ஒரு பால்பண்ணை.
புது மடிக்கணினியில்
பழைய எக்ஸ்பியை ஏற்றிவிட்டாள் வெல்கா.
பசுக்கணக்கு மென்பொருளுக்கு
வேறெதுவும் ஒத்துக்கொள்ளாது.
எழுதியவன் அயர்லாந்தில்,
ஃபோன் எடுப்பதில்லை.

பதினாறு ஜிபி நினைவகம்.
அதன் கண்ணுக்குப் படுவது மூன்றேகால்.
பெரிய வீட்டை வாடகைக்குப் பிடித்து
அடுப்படியிலேயே படுத்துக்கொள்கிறது.

வைஃபையா, அப்படியொன்று இல்லையே என்கிறது.
கேமராவுக்கு மஞ்சள் கேள்விக்குறி.
தொடுபலகை மரத்துப்போன தோல்;
டிராயரைக் குடைந்து
வால் உள்ள மவுஸ் ஒன்றைச் செருகினாள்.

ஆனால் நூற்றுப் பன்னிரண்டு பசுக்களையும்
பேர்பேராகத் தெரியும் அதற்கு.
அகலத் திரையில் இழுபட்டு
எல்லாப் பெயரும் கொழுத்துவிட்டன.

ஸீலெ இன்றிரவு ஈனும் என்றது.
பேட்டரி எவ்வளவு மிச்சம்?
முழுசாக இருக்கிறது என்றது,
இருட்டும்வரை.

டார்ச்சோடு தொழுவத்துக்கு ஓடினாள்.
வைக்கோலில்
ஈரமாய் இரண்டு காதுகள்.