மூன்றாவது சாவி

படிவம் இருபத்தொன்பதில் கையெழுத்துப் போட்டேன்,
முப்பதில் இரண்டு இடத்தில்.
தடையின்மைச் சான்றுக்கு மூன்று நாள் அலைந்தேன்.
பாஸ்டேக்கை மூடினேன்.
டேஷ்போர்டு மாதாவைப் பெயர்த்தெடுத்தேன்,
பசை மட்டும் வட்டமாக அங்கேயே நின்றுவிட்டது.
இரண்டு சாவிகளையும் தாஜுதீன்
எண்ணி வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது சாவி என் போனில் இருந்தது.
அவருக்குத் தெரியாது.
சத்தியமாக எனக்கும் நினைவில்லை.

பதினெட்டாம் நாள் பல் தேய்த்துக்கொண்டிருக்கையில்
போன் சொன்னது:
உங்கள் கார் திடீர் பிரேக் போட்டது, ரெட்டிச்சாவடி அருகில்.
என் காராம்!

அப்போதே அழித்திருக்கலாம்.
வாயில் நுரையோடு திறந்து பார்த்தேன்.

நீலப் புள்ளி எல்லை தாண்டி வந்தது.
கன்னியக்கோயிலில் நிற்கவில்லை.
கன்னியக்கோயிலில் நிற்காத கடலூர் வண்டி!
மனுஷன் குடிக்கமாட்டார் என்று
அவர் சொல்லாமலே தெரிந்துகொண்டேன்.
அரியாங்குப்பம் பாலத்தில் பதினோரு நிமிடம் நெரிசல்.
பாவம் என்றுகூடத் தோன்றியது.

பிறகு இரவுகள்.
பதினொன்று இருபதுக்கு முதுநகர் ஐஸ் பிளான்ட்டிலிருந்து கிளம்பும்.
வீடு நான்கு தெரு தள்ளித்தான்.
ஆனாலும் தேவனாம்பட்டினம் போய்
கடலைப் பார்த்து நிற்கும்.
இருபத்தைந்து நிமிடம்.
இன்ஜின் ஓடுகிறது. ஏசி இருபத்திரண்டு.
ஓட்டுநர் கதவு: மூடியுள்ளது.
பக்கத்து இருக்கை: காலி.
சீட் பெல்ட்: போட்டபடியே.

பெல்ட்டைக்கூடக் கழற்றாமல்
ஒரு ஆள் இருட்டில் என்ன செய்வார்?
அழுவாரா, யாரிடமாவது பேசுவாரா,
ஐஸ் கட்டி இரைச்சல் காதிலிருந்து வடியட்டும் என்று
சும்மா இருப்பாரா?
லாஸ்பேட்டையில் போர்வைக்குள் கிடந்து
நான் கணக்குப் போட்டேன்.

ஒருநாள், ஒரே ஒருநாள்,
விளக்கு என்ற பொத்தானை அமுக்கினேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி
அலைமேல் வெளிச்சம் விழுந்திருக்கும்.
எட்டே விநாடியில் வண்டி ரிவர்ஸ் எடுத்தது.
அடுத்த நான்கு இரவும்
நேரே வீட்டுக்குப் போனது.

ஐந்தாம் நாள் அவரை அழைத்தேன்.
"உங்க வண்டி இன்னும் என் போன்ல காட்டுது சார்."
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
"எவ்ளோ நாளா?"
"இன்னிக்குத்தான் பார்த்தேன்."
இவ்வளவு சுலபமாக எனக்குப் பொய் வரும் என்று
எனக்கே தெரியாது.

அவர் சொன்னார்:
"உங்க பேரும் வண்டில இருக்குங்க.
ஜெசிந்தாவின் போன்னு தேடிக்கிட்டே இருக்கு.
வீடுன்னு அமுக்கினா
லாஸ்பேட்டைக்கு வழி சொல்லுது."
பிறகு, நான் கேட்காமலே,
"அடிக்கடி போன எடம்னு ஒரு லிஸ்ட் வருது.
நான் எதையும் திறந்து பாக்கலீங்க."

வில்லியனூரில் ஒரு வீடு
அந்த லிஸ்டில் இரண்டாவதாக இருக்கும்.
சர்ச்சுக்கு மேலே.
அந்த வீட்டைப் பற்றி என் அக்காவுக்கே தெரியாது.

"ரொம்ப நன்றி சார்" என்றேன்.
"பரவால்லீங்க" என்றார்.
இரண்டு மரியாதையான பொய்கள்
ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஒதுங்கின.

நீக்கு என்று அமுக்கினேன்.
நிச்சயமாகவா என்றது. நிச்சயமாக.
நீலப் புள்ளி போய்விட்டது.
அவரும் என் பெயரை அழித்திருப்பார்.
ஆனால் வில்லியனூர் மத்தியானங்களும்
பட்டினக் கரையின் இருபத்தைந்து நிமிடங்களும்
எங்கோ ஒரு குளிர்ந்த அறையில்
ஒரே வண்டியின் பெயரில் அடுத்தடுத்து இருக்கின்றன.
அங்கே பொய் சொல்லவும் ஆளில்லை,
கூச்சப்படவும் ஆளில்லை.

இப்போதும் பதினொன்றே முக்காலுக்கு
விழிப்பு வருகிறது.
தாஜுதீன் மறுபடி அங்கே போகிறாரா?
எனக்குத் தெரியாது.
தெரியாமல் இருப்பது
இவ்வளவு மரியாதையான விஷயமாக இருக்கும் என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

போகட்டும்.
விளக்கை அணைத்துவிட்டு
இருக்கட்டும் அவர்.