எண்பத்தாறு ஜிபி

வினிப்பெக்கில் மைனஸ் முப்பத்து மூன்று.
மூன்று மணிக்குத் தொலைபேசி அதிர்ந்தது:
டிஸ்க் நிரம்பிவிட்டதாம்.

சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்தேன்.
டிஎஃப் சொன்னது: நூற்றிருபதில் நூற்றுப் பதினேழு காலி.
டியூ சொன்னது: முப்பத்தொன்று, அவ்வளவுதான்.
நடுவில் எண்பத்தாறு ஜிபி,
யார் கணக்கிலும் இல்லை.

இரண்டும் பொய் சொல்லாது.
டியூ தெருத் தெருவாக நடக்கும்,
கதவில் பெயர் இருந்தால் தட்டும்,
உள்ளே எவ்வளவென்று கேட்டுக் கூட்டிக்கொள்ளும்.
டிஎஃப் எங்கேயும் போகாது.
கிடங்கு வாசலில் உட்கார்ந்து
எத்தனை கட்டம் மிச்சம் என்று மட்டும் பார்க்கும்.

மவுண்டுக்கு அடியில் பழைய ஃபோல்டர் எதுவும்
புதைந்து கிடக்கிறதா என்று தேடினேன். இல்லை.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
இங்கே ஏட்டில் இல்லாத சுரைக்காய்
அடுப்படி முழுக்கக் காய்த்துக் கிடந்தது.

எல்எஸ்ஓஎஃப் ஒரே ஒரு வரியைக் காட்டியது.
வரியின் ஓரத்தில்: அழிக்கப்பட்டது.

நவம்பரில் ஒலெக்சா அழித்த பதிவுக் கோப்பு.
பெயரைத்தான் அழித்திருக்கிறான்.
அதைத் திறந்து பிடித்திருந்த நிரலுக்கு
யாரும் சொல்லவில்லை.
பிடித்த கை விடும்வரை இடம் திரும்பாது.
அது பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது,
பஸ் நிழற்குடை ஹீட்டர்களின் நாட்குறிப்பை,
பெயரில்லாத ஒரு நோட்டில்.

நிரலை நிறுத்தித் தொடங்கினால் முடிந்தது வேலை.
எண்டர் மேல் விரல் இருந்தது.
எழுதியது என்னவென்று பார்த்துவிடலாமே என்று
ப்ராக் வழியாக அதன் கைக்குள் எட்டிப் பார்த்தேன்.

02:41 நிழற்குடை 114 பொத்தான்
02:51 நிழற்குடை 114 பொத்தான்
03:01 நிழற்குடை 114 பொத்தான்
03:11

ஒரு அழுத்தலுக்கு ஹீட்டர் பத்து நிமிடம் எரியும்.
கடைசி பஸ் ஒன்று இருபதுக்கே போய்விட்டது.

மேலே உருட்டினேன். நேற்றும் 114.
முந்தின இரவும்.
கிறிஸ்துமஸ் அன்றும், முதல் பஸ் வரும்வரை.

நிரலை நிறுத்தினால்
நகரத்து ஹீட்டர்கள் விழித்தெழ ஆறு நிமிடம் ஆகும்.
நிறுத்தாமலே கோப்பைப் பூஜ்யமாக வெட்டலாம்,
அது அணைக்காது.
ஆனால் அந்த ஆள் அங்கே இருந்ததற்கு
வேறு எழுத்து எங்கேயும் இல்லை.

114-ஐ மட்டும் வடித்தெடுத்தேன்.
எண்பத்தாறு ஜிபியில் தொண்ணூறு கேபி தேறியது.
புதுக் கோப்புக்குப் பெயர் கேட்டது.
எனக்குத் தெரியாது.
114 என்றே வைத்தேன்.

பிறகு வெட்டினேன்.
டிஎஃப் முப்பத்தொன்று. டியூ முப்பத்தொன்று.
டிக்கெட்டை மூடச் சொல்லி ஒலெக்சா செய்தி அனுப்பினான்.

கெட்டில் கொதித்து அடங்கியது.
வெறுமையான கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
03:51 வரவில்லை.
03:52.

03:53 நிழற்குடை 114 பொத்தான்