ஐம்பத்திரண்டு டெசிபல்

எங்கள் விலைப்பட்டியலில் பெருமை ஒன்றே ஒன்றுதான்:
ஒரு மீட்டர் தள்ளி நின்றால் ஐம்பத்திரண்டு டெசிபல்.
மழைத்தூறல் அளவு என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறோம்.
மாக்கும் ஊரில் மழையைப் பற்றிப் பொய் சொல்ல முடியாது.
ஆண்டில் பாதி நாள் எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள்.

ஏழு பேர். ஒரு பழைய மீன் ஏலக்கூடம்.
வருடத்துக்கு முப்பது ஜெனரேட்டர்,
எங்களால் ஏறிப் பார்க்க முடியாத படகுகளுக்கு.
நான் சோதனை மேடை, கடைசி ஆள்.
முழுச் சுமையில் இயந்திரம் ஓட,
மூடியின்மேல் ஒரு யூரோ நாணயத்தை
விளிம்பில் நிறுத்துவேன்.
விழுந்தால் போல்ட்டைக் கழற்று, முதலிலிருந்து தொடங்கு.
விழாவிட்டால் ஹில்கே கையெழுத்துப் போடுவார்,
நாணயத்தைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.
என் நாணயம் அது.

முந்நூற்றுப் பதினேழாம் எண் ஜூலையில் எங்களுக்குக் கடிதம் அனுப்பியது.
உரிமையாளர் அறையில் இரவெல்லாம் ஒரு ரீங்காரம்.
மூன்றாம் தவணை நிறுத்தி வைக்கப்படுகிறது.
மூன்றாம் தவணை என்றால்
எங்கள் இரண்டு மாதச் சம்பளம்,
தாமிரக் கம்பிக்காரனின் பாக்கி,
ஹில்கேயின் பல்வலி.

நான்கு ரப்பர் தாங்கிகளோடு விமானம் ஏறினேன்.
தென் பிரான்சில் வெயில், படகேறும் பலகையருகே செருப்புக்கென்று ஒரு கூடை.
உரிமையாளர் இல்லை, மலைக்குப் போயிருந்தார்.
அவர் அறைத் தரைவிரிப்பில் குப்புறப் படுத்து
ஸ்க்ரூட்ரைவரின் நுனியைத் தரையிலும்
பிடியைக் காதிலும் வைத்துக் கேட்டேன்.
இருந்தது, சின்னதாக,
கொசு ஒன்று மனசு மாறாமல் நிற்பது போல.
என் இயந்திரம் அல்ல.
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஒயின் குளிர்பெட்டி.
பிளக்கைப் பிடுங்கினேன். நின்றது.

கேப்டன் தலையைச் சொறிந்தார்.
அறிக்கையில் குளிர்பெட்டி என்ற சொல் வேண்டாம்,
அது அம்மையார் மிலானில் தேர்ந்தெடுத்தது.
'சரிசெய்யப்பட்டது' என்று மட்டும் போடுங்கள்.
காதும் காதும் வைத்த மாதிரி முடிந்தது காரியம்.

டெசிபல் மீட்டரைப் பெட்டியில் வைக்கத்தான் கீழே இறங்கினேன்.
இயந்திர அறையின் பின்சுவருக்கு அப்பால் ஒரு படுக்கை,
அதில் கால் நீட்டி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள் சமையல்காரி மரிவிக்.
அலமாரியில் ஒரு தண்ணீர்க் குவளை,
அதற்குள் வட்டம், வட்டத்துக்குள் வட்டம்.
அறுபத்தொன்று காட்டியது மீட்டர்.

வரைபடம் நினைவுக்கு வந்தது.
அதிர்வைப் பின்பக்கம் திருப்புக.
அந்தத் துளைகளை இட்டது நான்தான்.
சத்தத்தை நாங்கள் அழித்திருக்கவில்லை,
வேறொருத்தியின் முகவரிக்கு அனுப்பியிருக்கிறோம்.

ஒரு யூரோவை அவள் அலமாரியில் நிறுத்தினேன்.
விழுந்து, வெங்காயத் தோலுக்குள் உருண்டது.
அவள் சிரித்தாள். "பந்தயமா?"

உரிமையாளருக்கென்று கொண்டுவந்த நான்கு தாங்கிகளையும்
அன்றிரவே அவள் பக்கம் மாட்டினேன்.
படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை.

காலையில் முட்டையோடு பூண்டுச் சோறு போட்டாள்,
கண்கள் சிவந்து.
"தூங்கவே இல்லை.
அது நின்றால் ஏதோ பழுது, மேலிருந்து கத்துவார்கள்.
நாலு முறை எழுந்துபோய்
ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்தேன்.
ஓடிக்கொண்டுதான் இருந்தது, பாவி!"
பிறகு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.
"பழகிவிடும்" என்றாள்,
தனக்கா எனக்கா தெரியவில்லை.

தவணை அக்டோபரில் வந்தது,
இரண்டு சதவீதம் குறைவாக, காரணம் எழுதாமல்.

இப்போது முந்நூற்று முப்பத்தொன்று மேடையில் ஓடுகிறது.
மூடியின்மேல் நாணயம் அசையாமல் நிற்கிறது.
பின்பக்கம் சுவர் மாதிரி ஒரு தகடு நிறுத்தி
அதிலும் ஒரு நாணயம் வைக்கிறேன்.
"அங்கே எதற்கு, சீட்ஸ்கே?" என்கிறார் ஹில்கே,
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.
"அங்கே யாரும் நிற்கப்போவதில்லையே."

நிற்கமாட்டார்கள்தான்.
விழுந்த நாணயத்தைத் தேடி
மேடைக்கு அடியில் தவழ்கிறேன்.