பதினோராவது டிராக்

பசுமலை மண்டபத்தில் பதிந்ததை
ஆரப்பாளையம் அறையில்
பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
பாட ஆளில்லாத குழு. இடறினால்
சொல் எதுவும் வந்து தாங்காது.

ஸ்டுடியோவில் மயிரிழை பிசகவில்லை.
கணினி சொன்ன நொடியில் வீரணன் அடித்தான்.
பெனாசிரின் சிந்தசைசர்
கழுவிவிட்ட தரைபோல் பரந்து கிடந்தது.

இங்கே
நாலாம் நிமிடத்தில் கரண்ட் போகிறது.
லூப் செத்தது. கிட்டார் வெறும் கம்பி.
பத்து டிராக்கும் நேர்கோடு.
பின்தூணில் கட்டிய பேட்டரி ரெக்கார்டருக்கு மட்டும்
உயிர்:
காதில் கிளிக் நின்றதும்
வீரணன் திகைக்கும் அரை நொடி,
அப்புறம் தன் போக்கில் எடுக்கும் வேகம்,
"விட்றாத மாப்ள!" என்று எவனோ,
இரும்பு நாற்காலிகளின் தப்புத்தாளம்,
வெளியே
இருமி இருமி எழும் ஜெனரேட்டர்.

விளக்கு வந்தும்
பெனாசிர் லூப்பை ஓட்டவில்லை.
அந்த உறுமல் எந்தச் சுருதியென்று
ஒற்றை விரலால் தேடினாள்.
இரண்டு முறை தப்பு.
மூன்றாவதில்
அதன்மேலேயே ஏறி நின்றாள்.

உறுமலை எடுக்க ஒரு பொத்தான் இருக்கிறது.
எடுத்துப் பார்த்தேன்:
அவள் அந்தரத்தில் வாசிக்கிறாள்.

திரும்பப் போட்டுவிட்டேன்.
மாப்ள குரல்தான் கொஞ்சம் தூக்கல்.
இருக்கட்டும்.