அடைத்த சாலை

சுரங்கம் திறந்த மறுநாளே
பழைய சாலையின் வாயில்
மூன்று கான்கிரீட் கட்டைகளைப் போட்டுவிட்டார்கள்.
கட்டைகளுக்கு நடுவே இரண்டு முழ இடைவெளி.
ஹேண்டில்பாரைக் கொஞ்சம் ஒடித்தால்
சைக்கிள் போகும்.

வெள்ளிக்கிழமை. விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
புஜைராவில் பழைய சாமான் விற்பவனிடம்
நூற்றிருபது திர்ஹத்துக்கு வாங்கிய வண்டி.
கியர் இல்லை. முன்பிரேக் உண்டு, நம்பக்கூடாது.
பின்னால் தில் பகதூர், க்ரஷரில் எடைமேடை பார்ப்பவன்,
இரவல் சைக்கிளில்,
முதுகுப்பையில் நான்கு குப்பூஸும் ஒரு டப்பா கருவாட்டுத் தொக்கும்.

ஒன்பது வருடம் இந்த வழியே கல் ஏற்றினேன்.
நாளைக்கு ஆறு நடை, நாற்பது டன்.
இரண்டாவது கிலோமீட்டரில் ஓர் ஏற்றம் இருப்பது
இன்றைக்குத்தான் தொடைக்குத் தெரிகிறது.
அப்போதெல்லாம் அதை ஏறியது டீசல்.

காதுதான் முதலில் பயந்தது.
நடுவழியில் வண்டி நின்றுவிட்டதைப் போல
இஞ்சினைத் தேடியது.
பிறகு ஒவ்வொன்றாய் வந்தன:
செயினின் நறநறப்பு,
டயருக்கடியில் நொறுங்கும் ஜல்லி
(என் லாரியிலிருந்தே சிந்தியதாக இருக்கலாம்),
முள்மரத்தில் ஒரு கொண்டைக்குருவி,
எங்கோ கீழே, பாறைக்கு அடியில்
தண்ணீர்.
தண்ணீரா என்றேன்.
தில் பகதூர் இறங்கிப் போய்
முகம் நனைந்து திரும்பி வந்தான்.
ஒன்பது வருடமும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது
அது பாட்டுக்கு.

"இதுக்குப் பேர் மலையா?" என்கிறான்.
முஸ்தாங்கில் பிறந்தவனுக்கு அப்படித்தான் இருக்கும்.
பனி இல்லை, புல் இல்லை,
சூளையிலிருந்து இறக்கி ஆற வைத்த மாதிரி
நிறமும் அப்படி, கோபமும் அப்படி.
கேட்டுவிட்டு, இறங்கித் தள்ளிக்கொண்டு
மூச்சு வாங்க ஏறுகிறான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

வெளிச்சம் வந்தபோது ரேடார் பெட்டி எதிரே நின்றது.
கண்ணாடி உடைந்து, உள்ளே குளவிக்கூடு.
தலா அறுநூறு, இரண்டு தடவை வாங்கியிருக்கிறது என்னிடம்.
முன்னால் நிறுத்திக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.
தில் பகதூர் சிரித்த சிரிப்பு
எதிர்மலை வரை போய் வந்தது.
அடுத்த திருப்பத்தில், முந்தக்கூடாத மஞ்சள் கோட்டின் மேல்
கால் நீட்டிப் படுத்திருக்கும் ஒரு வெள்ளாடு.
முந்தினேன்.

அப்புறம் அந்த வளைவு.
ஹாரன் அடிக்காமல் யாரும் திரும்பாத வளைவு.
உள்ளங்கை தானாகத் தூக்கி
ஸ்டியரிங்கின் நடு இருக்கும் இடத்தில்
காற்றை அழுத்தியது.
தடுப்புத் தகட்டில் பன்னிரண்டடி மட்டும் புதிதாய்ப் பளபளக்கிறது.
குல் ஜரீன் இங்கேதான் உருண்டான்.
சாகவில்லை. வலது காலை முழங்காலோடு கொடுத்துவிட்டு
பன்னுவுக்கு விமானம் ஏறினான்.
கதவில் அவனே வரைந்த மயில்
மூன்று நாள் வாதியில் மல்லாந்து கிடந்தது.

மணியை அடித்தேன். ஒரே ஒரு தடவை.
மலை அதை வாங்கி
கொஞ்ச நேரம் வைத்திருந்து
திருப்பிக் கொடுத்தது.

போனை எடுத்து
நாற்பது நொடி பதிவு செய்தேன்,
ஒன்றுமில்லாததை.
கடைசியில் இன்னொரு மணி.

கணவாய் உச்சியில்தான் டவர் கிடைத்தது.
அனுப்பினேன்.
அங்கிருந்து பார்த்தால் சுரங்கத்தின் வாய் தெரிகிறது,
உள்ளே போகும் லாரிகள், கட்டைவிரல் நகமளவு.
நாளைக் காலை நாலரைக்கு நானும் அந்த வரிசையில்.
குப்பூஸ் வரண்டிருந்தது, தொக்கு உறைப்பு,
தில் பகதூர் டப்பாவை விரலால் வழித்தான்.
எட்டரை ஆகிவிட்டது, இனி உட்கார்ந்தால்
நாமும் வெந்துவிடுவோம் என்றான்.

இறக்கத்துக்கு வண்டியைத் திருப்பும்போது பதில் வந்தது.
குல் ஜரீனின் குரல், பின்னால் ஒரு சேவல்.
அந்த அமைதி என்னவென்று கேட்கவில்லை.
வளைவு தெரிந்ததாகவும் சொல்லவில்லை.
தொண்டையைச் செருமிக்கொண்டு ஒன்றே ஒன்று:
"எந்த கியரில் ஏறினாய்?
ரெண்டிலா, மூணிலா?"