கடல்நீர் வாளி

"இருப்பதிலேயே நல்ல எஃகு எது?"
பூட்ஸின் பனியை வாசலில் உதறிக்கொண்டே
கேட்டாள் தூரிட்.
வார்டோவில் ஜனவரி.
மணி பதினொன்று ஆகியும் துறைமுக விளக்குகள் அணையவில்லை.

எல்லாரும் கேட்பதுதான்.
பதிலை நான் மேசையில் வைத்திருக்கிறேன்,
மூன்று பட்டைகளாக.

இது பேரிங் எஃகு.
பத்து இழுப்பில் கூர் ஏறும்,
முழங்கை மயிரைக் கேட்காமலே எடுக்கும்.
ஈரத்தோடு படுக்க வைத்தால்
காலையில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு எழும்.

இது பொடியை அழுத்திச் செய்தது, வனேடியம் அதிகம்.
ஒரு பருவம் முழுக்க மழுங்காது.
மழுங்கிவிட்டாலோ வைரக்கல்லைத் தவிர எதற்கும் மசியாது.
எலும்பில் வைத்து நெம்பினால்
விளிம்பு பொரிந்துபோகும்.

மூன்றாவதைக் கையில் எடுக்காமல் விரலால் காட்டினேன்.
நைட்ரஜன் எஃகு.
துரு ஏறாது. அவ்வளவுதான்.
ராக்வெல் ஐம்பத்தெட்டுக்கு மேல்
ஏற மனமில்லாத சோம்பேறி.

அவள் பட்டைகளைப் பார்க்கவில்லை.
இடுப்பிலிருந்து ஒன்றை அவிழ்த்து
அவற்றின் குறுக்கே வைத்தாள்.
பிர்ச் முடிச்சில் கடைந்த பிடி.
அதன் அடியில் நண்டின் இடுக்கி: என் முத்திரை.
ஒன்பது வருடம்.

"உருவுங்கள்."

இழுத்தேன். வரவில்லை.
உறையை முழங்கால்களுக்கிடையே இடுக்கி இழுத்தேன்.
துரு தோலைக் கடித்துக்கொண்டு விடவில்லை.

நவம்பரில் என்றாள்,
வானிலை சொல்கிற குரலில்.
தூண்டில் கயிறு ஏறிக்கொண்டிருந்தது.
ஒரு கொக்கி ஓட்வாரின் கையுறையைப் பிடித்தது.
தம்பி உருளையை நோக்கிப் போனான்,
என் கை இடுப்புக்குப் போனது.
இரண்டு விநாடி.
பிறகு யாரோ இயந்திரத்தை நிறுத்தினார்கள்.
மூன்று விரல்.
இப்போது சீட்டாடும்போது சீட்டை வாயில் கவ்விக்கொள்கிறான்,
நாங்கள் சிரிக்க வேண்டும் என்று.

தினமும் எண்ணெய் தடவச் சொன்னேனே
என்பது தொண்டைவரை வந்தது.
சொல்லத்தான் செய்தேன்.
அவளும் தலையாட்டினாள்.
பதினெட்டு மணி நேரம் காட் மீனின் குடலை எடுத்தவள்
எண்ணெய்ப் புட்டியைத் தேடுவாள் என்று நம்பியவன்
கரையில், கணப்பருகே உட்கார்ந்திருந்தான்.

என்னென்ன வெட்டுவாய் என்று அன்று கேட்டிருந்தேன்.
மீன், கயிறு, ரொட்டி என்றாள்.
எத்தனை நாள் எதையும் வெட்டாமல்
உப்பில் நனைந்து தொங்கும் என்று
நான் கேட்கவில்லை.

மூன்றாவதை எடுத்தேன்.
உலைக்குப் பின் உறைகுளிரில் ஓர் இரவு,
மறுநாள் இளஞ்சூட்டில் இருமுறை பதம்.
விளிம்பின் பாதிக்குப் பல் வெட்டினேன், கயிற்றுக்காக.
பல் வைத்த கத்தியை அழகென்று
நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.
பிடி கறுப்பு ரப்பர்.
உறை பிளாஸ்டிக், அடியில் நீர் வடிய ஒரு துளை.
கடையில் தொங்கவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

துறைமுகத்தில் ஒரு வாளி நீர் மொண்டு வந்து
உறையோடு அதில் போட்டேன்.
இருபத்தொரு நாள்.
காலையில் காப்பிக்கு முன்
தடித்த கையுறை மாட்டி, இடது கையால் உருவுவேன்
(அவள் இடக்கைக்காரி),
அவள் படகின் பழைய கயிற்றில் ஒரு முழம் அறுப்பேன்,
திரும்பவும் போடுவேன்.
ஒன்பதாம் நாள் வாளியின் மேல் பனிக்கட்டி படிந்திருந்தது.
உடைத்து உருவினேன்.
வந்தது.

பிப்ரவரியில் சூரியன் திரும்பியிருந்தது, அவளும்.
பணம் வேண்டாம் என்றேன்.
"இனாமாக வாங்கினால்
அடுத்த முறை உங்களை எப்படித் திட்டுவது?"
நோட்டுகளை எண்ணி, எச்சில் தொட்டு மறுபடி எண்ணி,
சுத்தியலுக்கு அடியில் வைத்தாள்.

"பழையதையும் கொடுங்கள்.
வீட்டில் ரொட்டி வெட்ட ஆகும்."

உறையைக் கிழித்துத்தான் அதை எடுத்திருந்தேன்.
கூர் பிடித்தேன், பிடிக்கு மெழுகிட்டேன்.
துருக்குழிகளை மட்டும் அப்படியே விட்டேன்.
தேய்த்தால் அலகு மெலிந்துவிடும் என்று அவளிடம் சொன்னேன்.
அதுவும் உண்மைதான்.