டி 3 8

துராஸ்னோ நகராட்சியின் வண்டிச் சோதனைக் கொட்டகையில்
எனக்குக் கொடுத்திருப்பது மூன்று:
கம்பித் தூரிகை, மண்ணெண்ணெய், சாக்கட்டி.
பொறுமை என் கைக்காசு.

எவாரிஸ்தோ லார்ரோஸா கட்டி இழுத்து வந்திருந்தது
கோழி எச்சம் காய்ந்த ஒரு செவர்லே பிக்கப்.
"நாற்பத்தெட்டு மாடல். அப்பா புதிதாய் வாங்கியது.
ஐம்பத்தைந்தில் அவர் போனார்.
அன்றைக்குக் கொட்டிலுக்குள் நின்றது
இன்றைக்குத்தான் வெயில் பார்க்கிறது.
ஒரு திருகு மாறவில்லை, எழுதிக்கொள்ளுங்கள்."

எழுதிக்கொள்ள எனக்கு அவசரமில்லை.
ஆள் சொல்வது காதுக்கு,
இரும்பு சொல்வதுதான் தாளுக்கு.

மனிதருக்குத் தலையெழுத்து.
இயந்திரத்தின் தலையை எவனும் கழற்றி மாற்றிவிடுவான்;
இதற்கு எழுத்து உடம்பில்.

அதிலும் டிஸ்ட்ரிபியூட்டர் அருகே
சுத்தியலால் அடித்து இறக்கியது பள்ளமாய் இருக்கும்.
அரத்தால் அழிக்கலாம், மேலே வேறு எண் அடிக்கலாம்,
போன வருடம் மட்டும் ஒன்பது பார்த்தேன்.
ஸ்டார்ட்டர் பக்கம் புடைத்து நிற்கிறதே, அது வேறு.
மணல் அச்சுக்குள் இரும்பு
கஞ்சியாய்க் கொதித்தபோதே கூடப் பிறந்தது,
மச்சம் மாதிரி.

கிரீஸ், அதன் மேல் குளவி மண், அதன் மேல் பச்சைப் பெயின்ட்.
தேய்த்தேன். துடைத்தேன். மறுபடி தேய்த்தேன்.
சாக்கட்டியைப் படுக்க வைத்து இழுத்தபோது
மேடுகள் மட்டும் வெளுத்து வந்தன:
டி. மூன்று. எட்டு.

டி நான்காம் எழுத்து, ஆகவே ஏப்ரல்.
மூன்று தேதி.
எட்டு, வருடத்தின் கடைசி இலக்கம். அவ்வளவுதான்.
பத்தாண்டைச் சொல்லும் பழக்கம் அந்த வார்ப்பாலைக்கு இல்லை,
பிறந்தநாளுக்குக் கூப்பிட்டு
வயதைச் சொல்லாத என் மைத்துனி தெல்மீராவைப் போல.

"பார்த்தீர்களா, எட்டு!"
எவாரிஸ்தோவுக்கு லாட்டரி விழுந்த முகம்.

நான் மேல்மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நாற்பத்தெட்டு என்றால் நடுவில் இரண்டு பிடித்திருக்கும்.
இதில் ஓரமாய் நான்கு.
பக்கத் தகடும் குட்டை.
இந்த எட்டு எட்டிப் பார்ப்பது வேறு ஜன்னலிலிருந்து.

ஐம்பத்தெட்டு, ஏப்ரல் மூன்று.
வடக்கே அந்த உலைக்கூடத்தின் கூரையில்
பனி உருகி ஒழுகியிருக்கும்.
தெற்கே, யி ஆற்றங்கரையில், இலை உதிர்ந்திருக்கும்
மூன்று வருடக் கல்லறை ஒன்றின் மேல்.

சொன்னேன்.

"இருக்காது. அம்மாவுக்குச் சைக்கிள்கூட வராது.
கொட்டிலுக்குள் யாரும் போனதில்லை,
சாவி எப்போதும் அம்மாவின் இடுப்பில்தான்."
சொல்லி முடித்த பிறகுதான்
அது அவர் காதிலேயே விழுந்தது.

அதுவரை பெஞ்சில் மத்தே உறிஞ்சிக்கொண்டிருந்த
தங்கை எர்சீலியா
குடுவை கடகடக்கும் வரை உறிஞ்சி முடித்தாள்.
"வியாழக்கிழமைகளில் நம்மை அத்தை வீட்டில் படுக்க வைப்பாள்.
காலையில் வந்தால் அவள் கையெல்லாம் எலுமிச்சை வாசம்.
வீட்டில் மீன் வாங்கியதே இல்லை, எவாரிஸ்தோ."

மைல்மானியின் கேபிள் அறுந்து கிடந்தது.
அறுந்ததா, அறுத்ததா,
அது என் துறை இல்லை.

படிவத்தில் வருடத்துக்கு நான்கு கட்டம்.
"எட்டை மட்டும் எழுதுங்களேன்" என்றார், மெதுவாக.
நான்கையும் நிரப்பினேன்.
பிறகு மெல்லிய தாளை எழுத்தின் மேல் பொத்தி,
சிறுவர்கள் காசு தேய்ப்பதுபோல், பென்சிலால் தேய்த்தேன்.
கோப்புக்கு ஒன்று.
எர்சீலியா கையை நீட்டினாள்; அவளுக்கு ஒன்று.
இரண்டாம் பிரதிக்குக் கட்டணம் உண்டு. கேட்கவில்லை.

எவாரிஸ்தோ மேல்மூடியின் நான்கு திருகுகளையும்
ஒவ்வொன்றாய்த் தொட்டார்.
"இதற்கு என்ன அளவு ஸ்பேனர்?"
"பதினாறில் ஏழு."

கொஞ்ச நேரம் நின்றார்.
"அம்மாவின் தையல் பெட்டியில் ஒன்று கிடந்தது.
பொத்தான்களுக்கு நடுவே.
துணி நழுவாமலிருக்கப் பாரம் வைக்கிறாள்
என்று நினைத்துக்கொண்டிருந்தோம்."